இருபரிமாண மோதல்

இருபரிமாண மோதல் என்பது, மோதும் பொருட்களின் மோதலுக்கு முந்தைய, பிந்தைய திசைவேகங்கள் ஒரே நேர்க்கோட்டில் அமையாமல் ஒரு தளத்தில் அமையும் மோதல் ஆகும். சுண்டாட்டப் பலகையில் (கேரம் பலகையில்) ஸ்ட்ரைக்கர் ஒரு காயின் ஓரத்தில் பட்டு இரண்டும் இரு வேறு திசைகளில் விலகுவது இதற்கு எளிய எடுத்துக்காட்டு. தெருவில் ஆடப்படும் கோலி, பில்லியர்ட்சு பந்துகள், சாலைச் சந்திப்பில் மோதும் ஊர்திகள், அணு உலையில் அணுக்கருக்களின் மீது மோதும் நியூத்திரன்கள் ஆகியனவும் இவ்வகையில் அடங்கும். புறவிசைகள் புறக்கணிக்கத்தக்க அளவில் இருக்கும்போது, இத்தகைய எல்லா மோதல்களிலும் மொத்த உந்தம் மாறாதிருக்கும். இது உந்த அழிவின்மை விதி எனப்படும்.

உந்தம் ஒரு திசையன். ஆகவே இவ்விதி இருபரிமாணத்தில் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளுக்கும் தனித்தனியே பொருந்தும். பள்ளிப் பாடநூல்களில் பெரும்பாலும் நேர்க்கோட்டு மோதலே முதலில் கற்பிக்கப்படுகிறது. ஆனால் இயற்கையில் நேருக்கு நேரான மோதல் அரிது. ஓரத்தில் படும் மோதலே பொது விதி.

ஒரு பொருள் ஓய்வில் இருக்க மற்றொன்று அதன் மீது மோதுமானால், மோதல் முப்பரிமாண வெளியில் நடந்தாலும் அது இருபரிமாண மோதலே ஆகும் என்பது குறிப்பிடத்தக்கது. மோதலுக்குப் பின் இரு உந்தங்களையும் கூட்டினால் தொடக்க உந்தம் கிடைக்க வேண்டும். இரு திசையன்களின் கூட்டுத்தொகை அவ்விரண்டும் அமைந்த தளத்திலேயே இருக்கும். எனவே மூன்று திசையன்களும் ஒரே தளத்தில்தான் அமைய இயலும்.

சமன்பாடுகள்

நி₁ என்னும் நிறையுள்ள பொருள், வே என்னும் வேகத்துடன் கிடைத்திசையில் சென்று, ஓய்வில் இருக்கும் நி₂ நிறையுள்ள பொருளின் மீது மோதுவதாகக் கொள்க. மோதலுக்குப் பின் முதற்பொருள் கிடைத்திசைக்கு 'அ' கோணத்தில் ஒரு பக்கமாக வே₁ வேகத்துடனும், இரண்டாம் பொருள் 'ஆ' கோணத்தில் மறுபக்கமாக வே₂ வேகத்துடனும் செல்கின்றன எனில்,

கிடைத்திசையில்: நி₁ வே = நி₁ வே₁ கோசைன்(அ) + நி₂ வே₂ கோசைன்(ஆ)

செங்குத்துத் திசையில்: 0 = நி₁ வே₁ சைன்(அ) − நி₂ வே₂ சைன்(ஆ)

இரண்டாம் சமன்பாடு எளியதாகத் தோன்றினாலும் பொருள் நிறைந்தது. மோதலுக்கு முன் பக்கவாட்டு உந்தம் எதுவும் இல்லை. எனவே ஒரு பொருள் வலப்புறம் எவ்வளவு பக்கவாட்டு உந்தம் பெறுகிறதோ, மற்றது இடப்புறம் சரியாக அவ்வளவு பெற்றாக வேண்டும்.

இங்கு அறியப்படாத கணியங்கள் நான்கு: இரு வேகங்கள், இரு கோணங்கள். உந்த அழிவின்மை தருவது இரு சமன்பாடுகளை மட்டுமே. மீட்சி மோதல் எனில் இயக்க ஆற்றலும் மாறாதிருப்பதால் மூன்றாம் சமன்பாடு கிடைக்கும். மீட்சியற்ற மோதல் எனில் அதற்கு ஈடாக மீட்சியளிப்புக் குணகத்தைப் பயன்படுத்தலாம். நான்காவது தகவல் மோதலின் வடிவவியலில் இருந்து வர வேண்டும். அதாவது, பொருட்கள் எந்த இடத்தில் தொட்டன என்று தெரிய வேண்டும். தேர்வு வினாக்களில் ஏதேனும் ஒரு கோணம் முன்னரே கொடுக்கப்படுவதற்குக் காரணம் இதுவே. அக்கோணம் தரப்படாத வினாவுக்கு விடை இல்லை. எத்தனை முறை சமன்பாடுகளை மாற்றி எழுதினாலும் அது கிட்டாது.

வழவழப்பான வட்டுகள் அல்லது கோளங்கள் மோதும்போது வடிவவியல் எளிது. தொடும் கணத்தில் இரு மையங்களையும் இணைக்கும் கோட்டின் வழியாகவே விசை செயல்படும். ஓய்வில் இருந்த பொருள் இந்த மையக்கோட்டின் திசையிலேயே நகரும். மையக்கோட்டுக்குச் செங்குத்தான திசையில் விசை இல்லாததால், அத்திசையில் எப்பொருளின் திசைவேகமும் மாறாது.

சம நிறைகளும் செங்கோணமும்

இரு பொருட்களின் நிறைகளும் சமமாக இருந்து, மோதல் மீட்சி மோதலாகவும் இருந்தால், மோதலுக்குப் பின் அவை ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் பிரியும். இதை நிறுவ ஒரு வரி போதும். நிறைகள் சமம் என்பதால் உந்தச் சமன்பாட்டில் அவை நீங்கி, வே என்னும் திசையன் மற்ற இரு திசைவேகத் திசையன்களின் கூட்டுத்தொகை ஆகிறது. மூன்றும் ஒரு முக்கோணத்தின் பக்கங்கள். ஆற்றல் சமன்பாடோ வே² = வே₁² + வே₂² என்கிறது. இது பித்தேகோரசு தேற்றம். ஆகவே அம்முக்கோணம் செங்கோண முக்கோணம். நேருக்கு நேர் மோதினால் மட்டும் முதற்பொருள் நின்றுவிட, மற்றது முழு வேகத்துடன் செல்லும். அப்போது கோணம் என்ற கேள்வியே எழாது.

இச்செங்கோணம் ஆய்வகங்களிலும் பயன்பட்டுள்ளது. முகில் அறையில் ஈலியம் வளிமத்தின் ஊடே ஆல்ஃபாத் துகள்களைச் செலுத்தி எடுத்த ஒளிப்படங்களில், சில தடங்கள் செங்கோணக் கவைகளாகப் பிரிவதைக் காணலாம். மோதிய துகளும் மோதப்பட்ட அணுக்கருவும் ஒரே நிறையுடையவை என்பதற்கு, அதாவது ஆல்ஃபாத் துகள் ஈலியத்தின் அணுக்கருவே என்பதற்கு, இது கண்கூடான சான்று. ஒளியின் வேகத்தை நெருங்கும் துகள்களுக்கு இவ்விதி பொருந்தாது. அங்கு கோணம் 90 பாகைக்குக் குறையும்.

மோதலில் ஆற்றல் சிறிதளவு இழக்கப்பட்டாலும் கோணம் 90 பாகையை விடக் குறையும். கண்ணாடிக் கோலிகளில் இதைக் காணலாம். கோலியிலும் பில்லியர்ட்சிலும் வேறொரு சிக்கலும் உண்டு. உருண்டு வரும் பந்துக்கு நேர்க்கோட்டு இயக்கத்துடன் சுழற்சியும் உள்ளது. மோதலில் அதன் திசைவேகம் மாறினாலும் சுழற்சி பெருமளவு அப்படியே நிற்கும். மோதலுக்குப் பின் தரையின் உராய்வு அச்சுழற்சியைத் திசைவேகமாக மாற்றுவதால், பந்து முதலில் செங்கோணத்தில் விலகிப் பின்னர் முன்னோக்கி வளையும். பிரெஞ்சு அறிவியலாளர் கொரியோலி 1835இல் பில்லியர்ட்சு ஆட்டத்தின் கணிதத்துக்கென்றே ஒரு நூல் எழுதியதற்கு இத்தகைய சிக்கல்களே காரணம். பில்லியர்ட்சின் கிளையான சுனூக்கர் ஆட்டம் 1875இல் சபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற படை அதிகாரியால் உருவாக்கப்பட்டது என்றும், அதன் விதிகள் 1882இல் உதகமண்டலத்தில் உள்ள ஊட்டி மன்றத்தில் முறைப்படுத்தப்பட்டன என்றும் கூறப்படுகிறது.

சுண்டாட்டத்தில் மோதல்

இருபரிமாண மோதலைக் கற்கப் பில்லியர்ட்சு மேசையை விடச் சுண்டாட்டப் பலகையே சிறந்தது. காய்கள் வட்டுகள், அவை உருள்வதில்லை, வழுக்கிச் செல்கின்றன. எனவே மேற்கண்ட உருளல் சிக்கல் இங்கு இல்லை. மேலும், பில்லியர்ட்சு மேசை நகர மன்றங்களில் மட்டும் காணக்கிடைப்பது. சுண்டாட்டப் பலகையோ வடசென்னை முதல் உத்திரமேரூர் போன்ற ஊர்கள் வரை எங்கும் உள்ளது. பன்னாட்டுச் சுண்டாட்டக் கூட்டமைப்பு 1988இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் உலக வாகையர் பட்டம் வென்றார். 1996ஆம் ஆண்டுக்கான அருச்சுனா விருது பெற்றார். 2008இல் இளவழகியும், 2024இல் அமெரிக்காவில் நடைபெற்ற உலகக் கோப்பையில் காசிமாவும் மகளிர் பட்டங்களை வென்றனர்.

பன்னாட்டு விதிகளின்படி ஒரு காயின் நிறை 5 முதல் 5.5 கிராம் வரையும், விட்டம் 3.02 முதல் 3.18 செ.மீ. வரையும் இருக்க வேண்டும். ஸ்ட்ரைக்கரின் நிறை 15 கிராமுக்கும், விட்டம் 4.13 செ.மீ.க்கும் மிகக்கூடாது. குழியின் விட்டம் 4.45 செ.மீ. இவ்வெண்களில் இருந்தே ஆட்டத்தின் பல இயல்புகளைக் கணக்கிட இயலும்.

எடுத்துக்காட்டாக, 15 கிராம் ஸ்ட்ரைக்கர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் சென்று ஓய்வில் உள்ள 5 கிராம் காயின் மீது மோதுகிறது எனவும், மையக்கோடு ஸ்ட்ரைக்கரின் பாதைக்கு 30 பாகை சாய்ந்துள்ளது எனவும், மோதல் மீட்சி மோதல் எனவும் கொள்க. மையக்கோட்டின் திசையில் ஸ்ட்ரைக்கரின் வேகக் கூறு 2 × 0.866 = 1.732 மீ/நொடி. அத்திசையில் இது ஒரு நேர்க்கோட்டு மோதல் என்பதால், காய் பெறும் வேகம் 2 × 15 ÷ (15 + 5) × 1.732 = 2.598 மீ/நொடி. காய் பெற்ற உந்தம் 12.99 கிராம் மீ/நொடி. இதன் கிடைக்கூறு 11.25, செங்குத்துக்கூறு 6.495. ஸ்ட்ரைக்கரிடம் தொடக்கத்தில் இருந்தது 30. ஆகவே அதனிடம் மீதமிருப்பது கிடைத்திசையில் 18.75, எதிர்ப்பக்கமாக 6.495. இவற்றை 15ஆல் வகுத்தால் 1.25, 0.433 மீ/நொடி. அதாவது ஸ்ட்ரைக்கர் 1.323 மீ/நொடி வேகத்தில் 19.1 பாகை விலகிச் செல்கிறது.

ஆற்றலைச் சரிபார்க்கலாம். தொடக்கத்தில் 30 மில்லி சூல். பின்னர் காயிடம் 16.875, ஸ்ட்ரைக்கரிடம் 13.125, கூட்டினால் 30. காய் ஸ்ட்ரைக்கரின் தொடக்க வேகத்தை விடக் கூடுதல் வேகத்தில் செல்வதைக் காண்க. கனமான பொருள் இலகுவான பொருளைத் தாக்கும்போது இது இயல்பு. இதனால் உந்தமோ ஆற்றலோ மிகுவதில்லை.

இரண்டும் பிரியும் கோணம் இங்கு 49.1 பாகை, 90 அன்று. சம நிறைக்குரிய செங்கோண விதியை ஸ்ட்ரைக்கருக்குப் பொருத்திப் பார்ப்பது மாணவர்களிடம் காணப்படும் பொதுவான பிழையாகும். அவ்விதி பலகையில் வேறிடத்தில் பொருந்தும்: ஸ்ட்ரைக்கரால் உந்தப்பட்ட ஒரு காய் மற்றொரு காயின் ஓரத்தில் மோதும்போது அவ்விரு காய்களும் ஏறத்தாழச் செங்கோணத்தில் பிரியும்.

ஸ்ட்ரைக்கர் கனமானது என்பதால் அதன் விலகலுக்கு ஓர் உச்ச எல்லை உண்டு. மோதும் பொருளின் நிறை கூடுதலாக இருக்கும்போது, பெரும விலகு கோணம் 'அ' பின்வருமாறு அமையும்:

சைன்(அ) = நி₂ ÷ நி₁

காய் 5.5 கிராம், ஸ்ட்ரைக்கர் 15 கிராம் எனில் இக்கோணம் 21.5 பாகை. மோதலில் ஆற்றல் இழப்பு இருந்தால் இது இன்னும் குறையும். அதாவது, தனித்து நிற்கும் ஒரு காயின் மீது எவ்வளவு திறமையாக அடித்தாலும் ஸ்ட்ரைக்கரை அதற்கு மேல் திருப்ப முடியாது. அடித்த பின் ஸ்ட்ரைக்கர் தானும் குழியில் விழுந்து தண்டக் காய் வைக்க நேரும் ஆபத்தை, தேர்ந்த ஆட்டக்காரர்கள் இந்த எல்லையை அனுபவத்தால் உணர்ந்தே தவிர்க்கின்றனர். இலகுவான ஸ்ட்ரைக்கரைத் தேர்ந்தால் விலகல் கூடும், உந்தம் குறையும். 15 கிராம் என்ற உச்சவரம்பு இல்லாவிட்டால் ஆட்டத்தின் இயல்பே மாறிவிடும்.

குறி பார்ப்பதன் நுட்பமும் இதே வடிவவியலில் அடங்கியுள்ளது. ஸ்ட்ரைக்கரின் பாதைக்கும் காயின் மையத்துக்கும் உள்ள செங்குத்துத் தொலைவை இரு ஆரங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால், மையக்கோட்டின் சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பு கிடைக்கும். ஆரங்களின் கூட்டுத்தொகை ஏறத்தாழ 3.65 செ.மீ. எனவே 30 பாகை சாய்வுக்குப் பாதை 1.83 செ.மீ. விலகியிருக்க வேண்டும். இதில் 1 மி.மீ. தவறினால் காயின் திசை 1.8 பாகை மாறும், 50 செ.மீ. சென்றதும் காய் ஏறத்தாழ 1.6 செ.மீ. விலகியிருக்கும். குழியின் ஆரமே 2.2 செ.மீ.தான். 60 பாகைச் சாய்வில் அடித்தால் அதே 1 மி.மீ. பிழை 3 பாகைக்கு மேல் வளரும். மெல்லிய 'கட்' அடிகள் கடினமாக இருப்பதன் காரணம் இதுவே.

ஆட்டத்தின் முதல் அடி வேறு வகையானது. நடுவில் நெருக்கி அடுக்கப்பட்ட 19 காய்கள் மீது ஸ்ட்ரைக்கர் மோதும்போது அடுத்தடுத்துப் பல மோதல்கள் நிகழ்கின்றன. 20 பொருட்களின் மொத்த உந்தமும், பக்கச்சட்டத்தைத் தொடும் வரை, ஸ்ட்ரைக்கர் கொண்டுவந்த உந்தத்துக்குச் சமமாகவே இருக்கும். ஆனால் எந்தக் காய் எங்குச் செல்லும் என்பதை அவ்விதி சொல்லாது. காய்களிடையே உள்ள கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் அதை முடிவு செய்கின்றன.

உராய்வும் பக்கச்சட்டமும்

பலகையின் உராய்வு ஒரு புறவிசை. காய்கள் சிறிது தூரம் சென்று நின்றுவிடுகின்றன என்பதே உந்தம் நிலைத்திருக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. பிறகு மோதலில் மட்டும் உந்தம் மாறாது என்று எவ்வாறு கூறலாம்? விடை கால அளவில் உள்ளது. போரிக் மாவு தூவிய பலகையின் உராய்வுக் குணகம் 0.1 எனவும், மோதல் ஒரு மில்லி நொடி நீடிக்கிறது எனவும் கொண்டாலும், அந்நேரத்தில் உராய்வு 15 கிராம் ஸ்ட்ரைக்கரிடம் இருந்து பறிக்கும் உந்தம் 0.015 கிராம் மீ/நொடி மட்டுமே. ஸ்ட்ரைக்கரிடம் இருப்பதோ 30. இரண்டாயிரத்தில் ஒரு பங்கைப் புறக்கணிப்பதில் தவறில்லை. மோதலுக்குச் சற்று முன்பும் சற்றுப் பின்பும் உள்ள உந்தங்களையே ஒப்பிட வேண்டும் என்பது இதன் பொருள்.

காய்களின் விளிம்புகளுக்கு இடையிலான உராய்வு வேறு. அது அகவிசை, மொத்த உந்தத்தை மாற்றாது. ஆனால் மையக்கோட்டில் இருந்து காயைச் சற்றே விலக்கி, இரண்டையும் சுழலவும் செய்யும்.

பக்கச்சட்டத்தில் பட்டுத் திரும்பும் ஸ்ட்ரைக்கரின் உந்தம் மாறுகிறது. இங்கு விதி மீறப்படவில்லை. பலகையும் அதைத் தாங்கும் மேசையும் தரையும் அவ்வுந்தத்தைப் பெற்றுக்கொள்கின்றன. அவற்றின் நிறை மிகப் பெரிது என்பதால் அசைவு தெரிவதில்லை.

வரலாறு

உந்தத்துக்குத் திசை உண்டு என்பது எளிதில் உணரப்படவில்லை. பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்கார்ட்டு 1644இல் வெளியிட்ட நூலில், உலகின் மொத்த 'இயக்க அளவு' மாறாதது என்று கூறினார். ஆனால் அவர் நிறையை வேகத்தால் பெருக்கினாரே அன்றித் திசையைக் கணக்கில் கொள்ளவில்லை. அதனால் அவர் வகுத்த மோதல் விதிகளில் பெரும்பாலானவை தவறாயின. சிறிய பொருள், ஓய்வில் இருக்கும் பெரிய பொருளை ஒருபோதும் நகர்த்த முடியாது என்பது அவற்றுள் ஒன்று. சுண்டாட்டம் அறிந்த எவரும் இதை ஏற்கமாட்டார். இலண்டன் அரச கழகத்தின் வேண்டுகோளுக்கு இணங்க 1668-69இல் வாலிசு, ரென், ஐகன்சு ஆகிய மூவரும் சரியான விதிகளை அனுப்பினர். ஐகன்சின் விரிவான நூல் அவர் மறைந்த பின் 1703இல் வெளிவந்தது. நியூட்டன் 1687இல் தம் இயக்க விதிகளின் விளைவாக உந்த அழிவின்மையை நிறுவினார்: இரு பொருட்கள் ஒன்றன் மீது ஒன்று செலுத்தும் விசைகள் சமமாகவும் எதிராகவும் இருப்பதாலும், இரண்டும் ஒரே கால அளவுக்குச் செயல்படுவதாலும், ஒன்று இழக்கும் உந்தத்தை மற்றது பெறுகிறது.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன், ஒளிச்சிதறல் ஆய்வுகளால் புகழ் பெறுவதற்கு முன்பே மோதல்களை ஆராய்ந்தவர். மிகக் குறைந்த வேகத்தில் மோதும் கோளங்களை ஒளிப்படம் எடுத்து அவர் நடத்திய ஆய்வு 1918இல் வெளியானது. வேகம் குறையக் குறைய மீட்சியளிப்புக் குணகம் 1ஐ நெருங்குகிறது என்று அவர் காட்டினார். பாடநூல்களில் இக்குணகம் பொருளுக்கே உரிய மாறிலி போல் கூறப்பட்டாலும், அது மோதும் வேகத்தையும் சார்ந்தது.

1923இல் ஆர்தர் காம்டன், எக்சு-கதிர் இலத்திரனால் சிதறடிக்கப்படுவதை இருபரிமாண மீட்சி மோதலாகக் கருதி விளக்கியபோது, ஒளித்துகளுக்கும் உந்தம் உண்டு என்பது உறுதியானது. 1932இல் சாட்விக், தாம் கண்ட மின்னூட்டமற்ற துகள் ஐதரசன், நைதரசன் அணுக்கருக்களை எவ்வளவு வேகத்தில் தெறிக்கச் செய்கிறது என்பதை ஒப்பிட்டு அதன் நிறையைக் கணக்கிட்டார். அது புரோத்தனின் நிறையை ஒட்டியிருந்தது. நியூத்திரன் இவ்வாறே அறியப்பட்டது.

சாலை விபத்து ஆய்வில்

மோதிய பின் இரு ஊர்திகளும் சிக்கிக்கொண்டு ஒன்றாக நகர்ந்தால் அது முழு மீட்சியற்ற மோதல் ஆகும். அப்போது மோதலுக்குப் பின் ஒரே வேகமும் ஒரே கோணமும் மட்டுமே உள்ளன. ஆகவே உந்தச் சமன்பாடுகள் இரண்டே போதும். சாலையில் பதிந்த டயர்த் தடங்களின் நீளத்தையும் திசையையும் அளந்து மோதலுக்கு முந்தைய வேகங்களை மீட்டெடுக்கலாம்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: நாற்சந்தி ஒன்றில் கிழக்கு நோக்கி வந்த 1,200 கி.கி. கார், வடக்கு நோக்கி வந்த 1,800 கி.கி. வேனுடன் மோதி, இரண்டும் ஒன்றாகக் கிழக்கில் இருந்து 37 பாகை வடக்காக 10 மீட்டர் சறுக்கி நின்றன. உராய்வுக் குணகம் 0.7. சறுக்கத் தொடங்கிய வேகம் 2 × 0.7 × 9.8 × 10 என்பதன் வர்க்கமூலம், அதாவது 11.7 மீ/நொடி. மொத்த உந்தம் ஏறத்தாழ 35,100 கி.கி. மீ/நொடி. இதன் கிழக்குக் கூறு 28,000; அது முழுவதும் கார் கொண்டுவந்தது. எனவே காரின் வேகம் 23.4 மீ/நொடி, அதாவது மணிக்கு 84 கி.மீ. வடக்குக் கூறு 21,100. வேனின் வேகம் மணிக்கு 42 கி.மீ. கார் ஓட்டுநர் தாம் 50 கி.மீ. வேகத்தில்தான் வந்ததாகக் கூறினால், அக்கூற்று தடங்களுடன் பொருந்தாது. இம்மோதலில் இயக்க ஆற்றலில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி உலோகத்தை நசுக்குவதில் செலவாகிறது. ஆற்றல் அழிவின்மையை வைத்து இயக்க ஆற்றல் மாறாது எனக் கணக்கிட்டவர் இங்கு முற்றிலும் தவறான வேகங்களைப் பெறுவார்.

இம்முறைக்கு எல்லை உண்டு. நெல் மூட்டைகளோடு செல்லும் 10 டன் சரக்குந்தின் பக்கவாட்டில், ஓட்டியுடன் 200 கி.கி. உள்ள இருசக்கர ஊர்தி மோதுவதாகக் கொள்க. சரக்குந்து 10 மீ/நொடி வேகத்தில் செல்கிறது எனில் அதன் உந்தம் 1,00,000. இருசக்கர ஊர்தி 15 மீ/நொடி வேகத்தில் வந்தாலும் அதன் உந்தம் 3,000 மட்டுமே. சரக்குந்தின் திசை 1.7 பாகைதான் மாறும். அளவீட்டில் ஒரு பாகை பிழை நேர்ந்தால், இருசக்கர ஊர்தியின் வேகக் கணிப்பில் மணிக்கு 31 கி.மீ. பிழை வரும். ஊர்ப்புறச் சாலைகளில் மிகுதியாக நிகழும் இவ்வகை மோதல்களில், உந்தக் கணக்கை மட்டும் கொண்டு யார் மீது தவறு என்று தீர்மானிக்க முற்படுவது பொருத்தமற்றது. நசுங்கிய அளவு, ஓட்டி வீசப்பட்ட தொலைவு, படக்கருவிப் பதிவுகள் போன்ற பிற சான்றுகள் தேவை.

அதே கணக்கு மற்றொன்றையும் கூறுகிறது. இரு பொருட்களின் உந்த மாற்றங்கள் சமம் என்பதால், திசைவேக மாற்றங்கள் நிறைக்கு எதிர்விகிதத்தில் அமையும். மேற்கண்ட மோதலில் சரக்குந்து அடையும் மாற்றத்தைப் போல் 50 மடங்கு மாற்றத்தை இருசக்கர ஊர்தி அடைகிறது. காயத்தின் கடுமை பெரும்பாலும் இத்திசைவேக மாற்றத்தையும், அது நிகழும் நேரத்தையும் சார்ந்தது. தலைக்கவசத்தின் உள்ளுறை நசுங்கி அந்நேரத்தை நீட்டிக்கிறது. உந்த மாற்றம் அதேதான், விசை குறைகிறது.

இந்தியாவில் விபத்து விவரங்களைக் களத்திலேயே பதிவு செய்வதற்காக, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் தேசியத் தகவலியல் மையமும் உருவாக்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளம், 2021இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் முதலில் செயல்படுத்தப்பட்டது.

கல்பாக்கம் அணு உலைகளில்

2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்து, மாவட்டப் பிரிவினைக்குப் பின் செங்கல்பட்டு மாவட்டத்தில் அமைந்த கல்பாக்கத்தில், சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983இல் முதன்முறையாக மாறுநிலை அடைந்தது. யுரேனியம் பிளவுறும்போது வெளிவரும் நியூத்திரன்கள் மிகு வேகம் உடையவை; அவற்றின் ஆற்றல் ஏறத்தாழ 2 மெகா இலத்திரன்வோல்ட்டு. இயற்கை யுரேனியத்தில் தொடர்வினை நீடிக்க, அவற்றை 0.025 இலத்திரன்வோல்ட்டு அளவுக்குத் தணிக்க வேண்டும். மின்னூட்டம் இல்லாத துகளை மின்புலத்தால் தடுக்க இயலாது. மோதல் ஒன்றே வழி.

மீட்சி மோதலில் நியூத்திரன் இழக்கக்கூடிய பெரும ஆற்றல் பங்கு, எதிர்ப்படும் அணுக்கருவின் நிறையெண் நி எனில், 4நி ÷ (நி + 1)² ஆகும். ஐதரசனுக்கு இது 100 விழுக்காடு, தியூத்திரியத்துக்கு 89, கரிமத்துக்கு 28, சோடியத்துக்கு 16, யுரேனியத்துக்கு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. இவை நேருக்கு நேர் மோதினால் கிடைப்பவை. நடைமுறையில் மோதல்கள் எல்லாக் கோணங்களிலும் நிகழ்வதால், சராசரி இழப்பு இதில் பாதி. தேவையான அளவு தணிய ஐதரசனில் சராசரியாக 18 மோதல்கள் போதும். தியூத்திரியத்தில் 25, கரிமத்தில் ஏறத்தாழ 115, யுரேனியத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சாதாரண நீரே சிறந்தது. ஆனால் ஐதரசன் நியூத்திரன்களைத் தணிப்பதுடன் விழுங்கியும் விடுகிறது. இயற்கை யுரேனிய உலைக்கு அந்த இழப்பு தாங்காது. தியூத்திரியம் மிக அரிதாகவே விழுங்கும். ஏழு மோதல்கள் கூடுதலானாலும், விலை மிகுந்த கனநீர் தேர்ந்தெடுக்கப்பட்டதன் காரணம் இதுவே.

அதே வளாகத்தில் 1985இல் மாறுநிலை அடைந்த வேக ஈனுலைச் சோதனை நிலையத்தின் தேவை நேர்மாறானது. யுரேனியம்-238ஐப் புளுத்தோனியமாக மாற்றும் ஈனும் வினை சிறக்க, அங்கு நியூத்திரன்கள் வேகமாகவே இருக்க வேண்டும். வெப்பத்தைக் கடத்த நீரைப் பயன்படுத்தினால் சில மோதல்களிலேயே அவை தணிந்துவிடும். சோடியத்தின் நிறையெண் 23. ஒவ்வொரு மோதலிலும் நியூத்திரன் சராசரியாக 8 விழுக்காடு ஆற்றலையே இழக்கும். காற்றிலும் நீரிலும் பட்டால் தீப்பற்றும் இயல்புடையது என்று அறிந்தும், உருகிய சோடியமே அவ்வுலையில் குளிர்விப்பானாகப் பயன்படுத்தப்படுகிறது.